லாட் பெயர் இல்லாத நூல்

போன மாதம் நான் வேலையை விட்டு நின்ற அன்று, பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டார். "அண்ணா, நாங்க இப்ப கம்ப்யூட்டர்கிட்ட இன்ன மாதிரி வேணும்னு சொன்னா, அதுவே கோடிங் எழுதிக் குடுத்துருது. உங்க காலத்துல எல்லாமே கையிலதானுங்களா?"

இல்லை என்றேன். எங்களுக்கும் எழுதித் தர ஒன்று இருந்தது, ஒரு வரி கொடுத்தால் ஒரு பக்கம் தரும் என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதற்கு அந்தத் தொல்லை இல்லை. மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளரும் கேட்டிருந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, சோமனூருக்குப் பக்கத்தில். கொஞ்ச நாள் விசைத்தறி, பிறகு திருப்பூர். நிட்டிங் கம்பெனியில் மெசின் துடைத்து, ஊசி மாற்றி, ஃபிட்டர் ஆனேன். ஆங்கில எழுத்துகளை ஊசிப் பெட்டிகளின் மேலிருந்து கற்றுக்கொண்டேன். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும், நிட்டிங் மெசின்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் ஒயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது வருடம் இந்த ஐந்தாறு வரியில் அடங்கிவிட்டது. சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

பேனல் என்பது மெசினுக்குப் பக்கத்தில் மாட்டும் சின்னத் திரை. வட்ட நிட்டிங் மெசினைச் சுற்றி எழுபது எண்பது இடங்களில் நூல் உள்ளே போகும். ஒவ்வொரு இடமும் ஒரு ஃபீடர். எந்த ஃபீடரில் நூல் அறுந்தாலும் மெசின் அந்த நொடியே நிற்க வேண்டும். எந்த ஃபீடர், எந்த லாட் நூல் என்று திரை காட்ட வேண்டும். லாட் என்றால் நூல் மில்லில் ஒரே தடவையாக ஓட்டிய நூல். இரண்டு லாட் கலந்துவிட்டால் சாயம் போட்ட பிறகு துணியில் பட்டை தெரியும். அதனால் கம்பெனிக்காரர்கள் லாட்டைக் குறித்துக்கொண்டே இருப்பார்கள்.

பேனலுக்குள் ஓடும் நிரலை சி மொழியில் எழுதும் பொறுப்பு ஜெசிந்தா மேடத்துடையது. நாகர்கோவில் பக்கம். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. மேசை மேல் ஒரு டப்பாவில் வறுத்த கடலை இருக்கும். யாராவது தப்புச் செய்தால் டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "இதைத் தின்னுக்கிட்டே, என்ன செஞ்சீங்கன்னு மொதல்லேருந்து சொல்லுங்க" என்பார். கடலையை மெல்லவும் முடியாமல், முழுங்கவும் முடியாமல் ஆட்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

மெசின் பற்றிச் சந்தேகம் வந்தால் என் ஒயரிங் டேபிளுக்கு வருவார். ஒரு நாள் தானாகவே புலம்பினார். "கால்பேக்னா என்னன்னு இந்தப் பயலுகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது ஆறுமுகம்."

"அப்படின்னா என்னங்க மேடம்?"

"ஒண்ணு நடந்தா எந்த வேலையைச் செய்யணும்னு முன்னாலயே எழுதிக் குடுத்து வைக்கது. நடந்ததும் கம்ப்யூட்டர் அந்த வேலையைக் கூப்பிடும்."

நான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "ஃபிட்டருங்க மெசின் காலுல சாக்பீஸ்ல போன் நம்பர் எழுதிட்டுப் போவோமுங்க. ஊசி ஒடஞ்சா இந்த நம்பர், மோட்டார் சூடானா அந்த நம்பருன்னு. அப்பறம் நாங்க மெசின் பக்கத்துலயே நிக்கோணும்னு இல்லீங்க. ஒடஞ்சா அவங்களே கூப்பிடுவாங்க. அது மாதிரிங்களா?"

"நாளையிலேருந்து காலையில ஒரு மணி நேரம் எங்கிட்ட உக்காருங்க" என்றார் மேடம்.

ஒரு மணி நேரம் அரை நாளானது. ஒரு வருடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலியும் கீபோர்டும் வந்தன. எனக்குக் கொடுத்த முதல் பொறுப்புதான் அந்த எழுதித் தரும் கருவி.

நூல் அறுந்தால் மெசினிலிருந்து ஒரு சேதி வரும். அதற்குள் ஃபீடர் எண் ஒன்று, லாட் ஒன்று என இரண்டு விஷயம் இருக்கும். அதைப் பிரித்து, எழுதி வைத்திருக்கும் வேலையின் கையில் சரியான வரிசையில் கொடுக்க நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த நடு ஆளுக்கான சி நிரலைத்தான் கருவி எழுதும். நாம் ஒரு பட்டியலில் ஒரு வரி மட்டும் எழுத வேண்டும்: திரும்ப எதுவும் வராது, முதலில் வருவது எண், இரண்டாவது வருவது எண். "வாய்டு, இன்ட், இன்ட்." அவ்வளவுதான். கறுப்புத் திரையில் கட்டளையை அடித்து என்டர் தட்டினால், ஒரு பக்கத்துக்கு நிரல் வந்து விழும். கருவியின் பெயர் மார்ஷல் என்று முடியும். நாங்கள் மார்ஷல் என்றே கூப்பிட்டோம். அதே பெயரில் அப்போது ஒரு ஜீப்பும் ஓடிக்கொண்டிருந்தது. கௌதம் என்று ஒரு இன்ஜினியர் இருந்தார், காலேஜ் முடித்தவர், வேகமானவர். நான் கீபோர்டில் உட்காரும்போதெல்லாம், "ஆறுமுகண்ணா ஜீப்பை எடுத்துட்டாரு, எல்லாரும் ஓரமா நில்லுங்க" என்பார். நான் சிரித்துவைப்பேன்.

மேடம் வைத்த முறை நான்கு படி. முதலில், எழுதிய வரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். "மனசுக்குள்ள படிச்சா கண்ணு ஏமாத்தும். வாயால சொல்லுங்க" என்பார். இரண்டாவது, கட்டளையை இரண்டு முறை ஓட்ட வேண்டும், தலைப்பு ஃபைலுக்கு ஒரு தடவை, உடம்பு ஃபைலுக்கு ஒரு தடவை. மூன்றாவது, பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது, ஏன் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்காவது, நிரலைப் பேனலில் ஏற்றி, பட்டறையில் இருக்கும் பழைய மெசினில் கத்தரிக்கோலால் நூலை வெட்டிப் பார்க்க வேண்டும்.

மேடம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரத்தில், ஊசி உடைந்தாலும் பேனல் சொல்ல வேண்டும் என்று ஒரு கம்பெனியில் கேட்டார்கள். அதற்குப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேன். ஆள் இல்லாத அறையில் வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு முறை ஓட்டினேன். மூன்றாவது படியைச் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கருவி எழுதும் ஃபைலின் உச்சியில் ஒரு குறிப்பு இருக்கும். இது தானாக உருவான ஃபைல், இதில் செய்யும் மாற்றங்கள் அழிந்துபோகும் என்று ஆங்கிலத்தில். அதை முதல் நாள் எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு பாடுபட்டுப் படித்த ஒன்றை மற்றவர்களும் படித்திருப்பார்கள், படித்தபின் யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பினேன். யாரும் கை வைக்காத ஃபைலை எதற்கு ஒப்பிட வேண்டும்? லேட்டாக எழுத்துப் படித்தவனுக்கு எழுத்தின் மேல் இருக்கும் பயபக்தி அது.

நான்காவது படியை ஒழுங்காகச் செய்தேன். பழைய மெசினில் மீந்த நூல் கோன்களை மாட்டி, பத்து ஃபீடரில் நூலை வெட்டினேன். பத்து தடவையும் மெசின் நின்றது, எண் சரியாக வந்தது. அப்படிக் கேட்டிருந்த வேலுச்சாமி அண்ணன் என்பவரின் நிட்டிங் கம்பெனியில் பத்து மெசின்களுக்கும் புது நிரலை ஏற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. நூல் அறுந்தால் பேனல் கறுப்பாகிவிடுகிறது, மெசின் நிற்பதே இல்லை, எட்டு மெசினில் துணி ஊசிகளிலிருந்து கழன்று விழுந்துவிட்டது என்றார்கள். ஏற்றுமதிக்குப் போகிற துணி. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் எல்லாப் பேனலையும் கழற்றி வாசலில் வைத்துவிடுவேன் என்று வேலுச்சாமி அண்ணன் சொல்லியிருந்தார்.

எங்கள் முதலாளி எல்லாரையும் ஹாலில் நிற்க வைத்தார். மேடம் அன்று காலைதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார்.

"கடைசியா கை வெச்சது யாருங்க?" என்றார் முதலாளி.

"ஆறுமுகண்ணன் ஜீப்பை ஓட்டினாருங்க. எங்கியோ முட்டிட்டாரு போல" என்றார் கௌதம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான்தானுங்க" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. மேடத்தைப் பார்த்துச் சொன்னார். "சனிக்கிழமை வரைக்கும் பாருங்க. ஆறுமுகம் தெரியாம கை வெச்சதுதான் காரணம்னா, அவரு ஒயரிங் டேபிளுக்கே போயிரட்டுமுங்க. அவுரு நல்ல ஒயர்மேன். நாமதான் ஆசைப்பட்டு உக்கார வெச்சுப்போட்டோம்."

ஒயரிங் டேபிளில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கீபோர்டில் உட்கார்ந்திருந்த மூன்று வருடத்தில்தான், நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பது எனக்கே மறந்திருந்தது. அதை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

மேடம் கடலை டப்பாவை என் பக்கம் தள்ளினார். மொதல்லேருந்து சொன்னேன். மூன்றாவது படியைச் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "சரி, மெசினைப் பாத்துட்டு வந்து அந்தப் படியைச் செய்வோம்" என்றார்.

மேடம், கௌதம், நான் மூவரும் வேலுச்சாமி அண்ணனின் கம்பெனிக்குப் போனோம். கௌதம் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தார். எனக்கு ஃபிட்டர் புத்தி. மெசின் கெட்டால் முதலில் கெடாத மெசினைப் போய்ப் பார்ப்பேன். பத்தில் எட்டு கெட்டிருந்தது. நாலாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஓட்டியவர் மனோஜ் என்கிற பீகார்க்காரர்.

"மனோஜ் பாய், உங்க மெசின்ல நூல் அறுந்துச்சுங்களா?"

"நேத்து நாலு டைம் அண்ணா. சரியா நின்னுச்சு."

பேனலைப் பார்த்தேன். ஃபீடர் எண் இருந்தது. லாட் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"லாட் பேரு எங்கீங்க?"

மனோஜ் சூப்பர்வைசர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போடல அண்ணா. ஏ பி சி டி தேடித் தேடி அடிக்கணும். எனக்கு டைம் ஜாஸ்தி ஆவுது. சொல்லாதீங்க."

அவர் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த வெட்கம். "எனக்கும் அப்படித்தானுங்க" என்றேன். பிறகு கோன் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, நானே எழுத்து எழுத்தாகத் தேடி லாட் பெயரை அடித்தேன். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் ஒரு நூலை வெட்டினேன். திரை கறுத்தது. மெசின் நிற்கவில்லை. கையால் நிறுத்தினேன். பேனலை மறுபடி எழுப்பி, பெயரை அழித்துவிட்டு வெட்டினேன். மெசின் நின்றது, எண் வந்தது.

எங்கள் பட்டறை மெசினில் ஓடுவது மீந்த கோன். கலந்துபோன நூல், அதற்கு லாட்டே கிடையாது. நாங்கள் ஒரு நாளும் அங்கே லாட் பெயர் அடித்ததில்லை. பத்து தடவை வெட்டிப் பார்த்தேன் என்று பெருமையாக இருந்தேனே, பத்து தடவையும் பெயர் இல்லாத நூலைத்தான் வெட்டியிருந்தேன்.

"மேடம்" என்று கூப்பிட்டேன். மெசின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை கத்தினேன். அந்த ஷெட்டில் எல்லோரும் திரும்பினார்கள். "பேரு இருந்தா விழுகுதுங்க. பேரு இல்லாட்டி விழுகலைங்க."

பட்டறைக்குத் திரும்பி, நான் விட்ட மூன்றாவது படியைச் செய்தோம். பழைய ஃபைல் இடது பக்கம், புது ஃபைல் வலது பக்கம். புதிதாகச் சேர்த்த வரிக்கான நிரல் மட்டும்தான் வித்தியாசமாக இருக்க வேண்டும். ஆனால் மேலே இன்னொரு இடமும் மாறியிருந்தது. நூல் அறுந்த சேதியைப் பிரிக்கும் இடத்தில், பழைய ஃபைலில் இரண்டாவது விஷயம் ஸ்ட்ரிங் என்று இருந்தது. புதியதில் இன்ட். பட்டியலைத் திறந்தேன்.

"வாய்விட்டுச் சொல்லுங்க ஆறுமுகம்" என்றார் மேடம்.

"வாய்டு, இன்ட், இன்ட்."

மேடம் ஸ்ட்ரிங் என்ற சொல்லை முதன்முதலில் சொன்னபோது, டிராக் பேண்டில் கோக்கும் நாடாவைச் சொல்கிறார் என்று நினைத்தவன் நான். எழுத்துகளைக் கோத்து வைத்தது என்று பிறகு புரிந்தது. லாட் முதலில் வெறும் எண்ணாக இருந்தது. பிறகு மில்காரர்கள் எண்ணோடு எழுத்தையும் சேர்க்கத் தொடங்கியதும் அது பெயராகிவிட்டது. அப்போது பட்டியலில் இரண்டாவது இன்ட்டை ஸ்ட்ரிங் என்று மாற்றிக் கருவியை ஓட்டியிருக்க வேண்டும். யாரோ பட்டியலைத் தொடாமல், கருவி எழுதிய நிரலைத் திறந்து கையால் திருத்தியிருக்கிறார்கள். இடையில் கருவியை ஓட்ட வேண்டி வராததால் அந்தத் திருத்தம் ஒரு வருடம் ஓடியது. நான் கருவியை ஓட்டியதும், அது பட்டியலில் இருந்தபடி புதிதாக எழுதி, கைத்திருத்தத்தை அழித்துவிட்டது. அதன் பிறகு நடு ஆள் பெயரை எண் என்று நினைத்துக் கொடுத்தார், வாங்கிய வேலை, இல்லாத இடத்தில் போய்ப் பெயரைத் தேடி விழுந்தது. பெயரே இல்லாவிட்டால் வெறும் பூஜ்யம் போகும். பூஜ்யம் வந்தால் காலியாகக் காட்டு என்று ஏற்கனவே எழுதியிருந்ததால் அது தப்பித்தது.

மேடம் டப்பாவை எடுத்தார். கௌதம் அதைத் தள்ளவிடவில்லை.

"நான்தாங்க மேடம். அன்னைக்கு பேனல் அனுப்போணும்னு அவசரம். ஒரே ஒரு எடம்தானேன்னு கையில மாத்திட்டேன். அப்பறம் பட்டியல்லயும் மாத்திக்கலாம்னு இருந்தனுங்க. மறந்துட்டேன்."

மேடம் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "படிச்ச நீங்க அந்தக் குறிப்பைப் படிக்கல. இவரு அந்தக் குறிப்பை மட்டும்தான் படிச்சாரு. ரெண்டு பேரும் சேந்துல்லா எட்டு மெசினைக் கவுத்துட்டீங்க."

பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினேன். "வாய்டு, இன்ட், ஸ்ட்ரிங்" என்று சொன்னேன். அன்று என் குரல் நடுங்கவில்லை. ஓட்டி, ஒப்பிட்டு, இந்த முறை பட்டறை மெசினுக்கு ஒரு லாட் பெயர் அடித்துவிட்டு நூலை வெட்டினேன். நின்றது. பெயரும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலுச்சாமி அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு மெசின் நடுவில் நின்றார். எங்கள் முதலாளியும் வந்திருந்தார். பத்துப் பேனலிலும் நிரலை ஏற்றி முடித்ததும், "என்ன ஆச்சுன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம் மெசினை ஓட்டிக்கலாம்" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

கௌதம் வாயைத் திறந்தார். மேடம் அவர் கையைத் தட்டிவிட்டு, "ஆறுமுகம் சொல்லுவாரு" என்றார்.

எதிரே கட்டிங் செக்சனில் வெட்டிய துணிகள் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"உங்க கட்டிங் செக்சன்ல பேட்டர்ன் அட்டை இருக்குதுங்களே. அதுல கழுத்து அரை இஞ்ச் தப்பா இருக்குதுன்னு வெச்சுக்குங்க. வெட்டுன பீசை மட்டும் ஒருத்தரு ஆல்டர் பண்ணிக் குடுத்துட்டாரு. பீஸ் சரியாத்தான் போகும். அடுத்த வாரம் வேற ஆளு வந்து, அதே அட்டையை வெச்சு வெட்டுனா?"

"தப்பாத்தான் வரும்" என்றார்.

"அதேதானுங்க. அட்டையைத் திருத்தாம பீசைத் திருத்தியிருந்தோம். நான் அடுத்த வாரம் வந்து வெட்டுன ஆளு. வெட்டுனதைப் பழைய பீஸ் மேல வெச்சுப் பாத்திருக்கோணும். பாக்கலைங்க. அது என்ற தப்பு. இப்ப அட்டையையே திருத்திட்டமுங்க."

அவர் சிரித்துவிட்டார். "இதை மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா, நான் அந்தச் சத்தம் போட்டிருக்க மாட்டனுங்களே."

"மொத நாளு எனக்கே தெரியாதுங்க."

கத்தரிக்கோலை அவர் கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொரு மெசினிலும் லாட் பெயர் அடிக்கச் சொன்னேன். மனோஜும் அடித்தார், நான் பக்கத்தில் நின்று எழுத்துகளைக் காட்டினேன். முதல் மெசினில் வேலுச்சாமி அண்ணன் நூலை வெட்டினார். நின்றது. ஃபீடர் எண், லாட் பெயர், இரண்டும் வந்தன. இரண்டாவது நின்றது. ஐந்தாவதற்குப் பிறகு அவருக்கே உற்சாகம் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரே மெசினில் இரண்டு நூலைச் சேர்த்து வெட்டினார். அதுவும் நின்றது. பத்தாவது நின்றபோது ஷெட்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு பிழைக்காகக் கை தட்டல் வாங்கிய ஆள் திருப்பூரில் நானாகத்தான் இருப்பேன்.

"ஏனுங்க, நீங்க எந்தக் காலேஜுங்க?" என்று கேட்டார் வேலுச்சாமி அண்ணன்.

"அஞ்சாவதுங்க" என்றேன்.

திங்கட்கிழமை நான் பட்டறைக்குப் போனபோது, என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. மேடம் புது விதி வைத்திருந்தார். இனிமேல் கருவியை ஓட்டுவது ஆறுமுகம் மட்டும். யாருக்கு வரி மாற வேண்டுமோ, அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் வந்து உட்கார்ந்தவர் கௌதம். "வாய்டு" என்று ஆரம்பித்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா ஓட்டுங்கண்ணா, பின்னால உக்காந்திருக்கறேன்" என்றார். அன்று இருவரும் சேர்ந்து சிரித்தோம். ஓய்வு பெறும் வரை பதினோரு வருடம் அந்தக் கீபோர்டு என்னிடமே இருந்தது. கட்டளையை ஓட்டிய பின் ஒரு தடவைகூட நான் மூன்றாவது படியை மறக்கவில்லை.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். யார் எழுதிக் கொடுத்தாலும், கொடுத்ததைப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். வெட்டிப் பார்க்கும்போது, பெயர் உள்ள நூலை வெட்டுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்பும்போது வேலுச்சாமி அண்ணன் பாக்கெட்டிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். முதல் மெசினின் காலில், ஊசிக்கு ஒரு நம்பரும் மோட்டாருக்கு ஒரு நம்பரும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே 'பேனல்' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நம்பர் சொல்லுங்க."

சொன்னேன், வாய்விட்டு, ஒவ்வோர் எண்ணாக.